ஐந்தாவது கியருக்கு வேண்டிய கல்வித் தகுதி

பெருமாள் கன்னியப்பன். பிறப்பு 1972, பென்னலூர். இரு சக்கர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 1997 முதல் 2004 வரை சோதனை ஓட்டுநர். அதன் பிறகு அதே தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்கு எழுத்தர்.

சோதனை ஓட்டுநர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். முழுதாகப் பூட்டப்பட்டு வரிசையின் கடைசியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வண்டியையும், வண்ணப்பூச்சுக் கூடத்தின் பின்புறம் நீள்வட்டமாகப் போடப்பட்டிருந்த பாதையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதையின் நீளம் தொள்ளாயிரம் மீட்டர். பிரேக், விளக்கு, ஒலிப்பான், இஞ்சினின் சத்தம், கைப்பிடியின் நடுக்கம் ஆகிய அனைத்தையும் அந்த இரண்டு சுற்றுக்குள் அறிந்து, சோதித்து முடித்த வண்டியின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்ட வேண்டும். அட்டையின் மூலையில் கன்னியப்பன் ‘க’ என்று எழுதுவார். ஒரு ஷிப்டுக்கு எழுபத்திரண்டு வண்டிகள். முதல் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் வண்டிகளை அவர் ஓட்டியிருந்தார். பூமியை ஐந்து முறை சுற்றி வரும் தொலைவு அது. அத்தனையையும் ஒரு மதிற்சுவருக்குள்ளேயே ஓட்டி முடித்தார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாதையில் ஐந்தாவது கியர் போடுவதற்கு இடம் கிடையாது. நான்காவதைப் போட்டவுடன் வளைவு வந்துவிடும். ஐந்தாவதை, வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுழலச் சோதித்துக்கொள்வார்கள். இவ்வளவு வண்டிகளை ஓட்டிய மனிதர், தரையில் ஒருமுறைகூட ஐந்தாவது கியரைப் போட்டதில்லை. சொந்தமாக அவரிடம் இருந்தது நான்கே கியர் கொண்ட பழைய வண்டி.

2002ஆம் ஆண்டின் இறுதியில் புதிய மாதிரி வண்டி ஒன்று வரிசையில் வந்தது. இடப்பக்கம் திரும்பும்போது அதன் கைப்பிடி மெல்ல நடுங்குவதைக் கன்னியப்பன் மூன்றாம் நாளே கண்டுகொண்டார். சீட்டு எழுதிக் கொடுத்தார். வடிவமைப்புப் பிரிவினர் கருவிகளை வைத்து அளந்துவிட்டு, நடுக்கம் எதுவும் இல்லை என்றார்கள். அவர் மறுபடியும் எழுதினார். நான்காவது சீட்டுக்குப் பிறகு, உண்மையான வேகத்தில் பார்த்துவிடுவோம் என்று ஆறு பொறியாளர்கள் மலேசியாவிலுள்ள செப்பாங் பந்தயத் தளத்துக்கு வண்டியுடன் விமானம் ஏறினார்கள். நடுக்கம் இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவடு பொருந்தும் இடத்தை மாற்றினார்கள். திரும்பி வந்ததும் தளத்தின் முன்பாக நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாக்கி உணவுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

2003 பிப்ரவரியில், சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி கன்னியப்பன் அந்தப் படத்தைப் பார்த்தார். ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வண்டி. அதன் கைப்பிடியில் கழற்றாமல் விட்ட மஞ்சள் அட்டை. மூலையில் அவருடைய ‘க’.

வண்டி போயிருக்கிறது. அட்டையும் போயிருக்கிறது. குறையைக் கண்டவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசையில் பின்னால் நின்ற நம்பிராஜன், சாம்பார் ஆறுகிறது என்று நினைவூட்டினான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குன்றத்தூரில் நான்கு பேருடன் அறை எடுத்துத் தங்கியிருந்தவன். பிரேக் பூட்டும் வேலை.

“அண்ணாச்சி, நீங்க எழுதுன சீட்டுதான அவியள பிளேன்ல ஏத்துச்சு. ஒரு மிட்டாயாச்சும் வாங்கிட்டு வந்தாவளா?”

கன்னியப்பன் தட்டுடன் போய் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் தெரியவேண்டியவை தெரிந்தன. செப்பாங் தளத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் கட்டணம் செலுத்தியவர் எவரும் ஓட்டலாம். ஒரு சுற்று ஐந்தரைக் கிலோமீட்டர். கோலாலம்பூரில் வண்டி வாடகைக்குக் கிடைக்கும்; அதிலேயே ஓட்டிக்கொண்டு தளத்துக்குப் போய்விடலாம். தோலுடையும் தலைக்கவசமும் தளத்திலேயே தருவார்கள். நீளமான நேர்பாதைகள் இரண்டு. அவற்றில் ஐந்தாவது கியருக்கு வேண்டிய இடம் தாராளமாக இருந்தது.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கினார். சர்வதேச ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, விசா, ஒன்பது நாள் விடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். தளத்தின் வரைபடத்தை அச்செடுத்து ஒட்டி, எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று பென்சிலால் குறித்தார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் போட்டி நாட்களில் கொடி காட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஆகையால், அங்கே அவரை ஓட்ட விடமாட்டார்கள் என்றாலும், வளைவுக்குள் வண்டியை எப்படிச் சாய்க்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக அருகில் நின்று பார்த்திருந்தார். அவர் மனைவி மரகதம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறதே, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள். நம்பிராஜன் எழுதியது என்றார்.

இந்தப் பொய்யின் வேர் 1997இல் இருக்கிறது. பென்னலூரிலும் அதைச் சுற்றியும் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒருவர் வீதம் வேலை தரப்படும் என்று அந்தத் தொழிற்சாலை அறிவித்தது. அறிவிப்பின் கடைசி வரியில், கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு என்றும், பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் விண்ணப்பிக்க வேண்டா என்றும் இருந்தது. படித்தவன் கேள்வி கேட்பான், சங்கம் வைப்பான் என்ற கணக்கு அது. நிலத்தைக் கொடுக்கும்போது எவரும் அவர்களுடைய படிப்பைக் கேட்கவில்லை. கன்னியப்பன் வீட்டில் நெல் விளைந்த ஒன்றரை ஏக்கரை எழுதி வாங்கியபின், அந்த நிலத்தின்மேல் நின்று வேலை செய்வதற்கு, படித்தது குற்றம் என்றார்கள்.

ஊரில் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளி. அதற்குமேல் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ப் படித்தவர்கள் அனைவரும், உள்ளூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புச் சான்றிதழின் நகலை வாங்கி விண்ணப்பத்துடன் இணைத்தார்கள். 1997 ஜூன் மாதத்தில் பென்னலூரில் பத்தாம் வகுப்புத் தேறியவர் ஒருவர்கூட இல்லாமற்போனார். கன்னியப்பனுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து பத்தாம் வகுப்பு எழுதிய கோதண்டமும் அவ்வாறே எட்டாம் வகுப்பு ஆனார். மதிப்பெண் பட்டியல்கள் அரிசிப் பானைக்குள்ளும் கூரை இடுக்கிலும் புகுந்துகொண்டன.

மறு ஆண்டு கன்னியப்பனுக்குப் பெண் பார்த்தபோதும், மாப்பிள்ளை எட்டாவது, கம்பெனியில் நிரந்தரம் என்றுதான் சொன்னார்கள். மரகதம் குன்றத்தூர்ப் பெண். பத்தாம் வகுப்புத் தேறியவள். அந்தப் பெருமையை மறைத்து வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. தொழிற்சாலையில் பாதிப் பேர் குடியிருப்பது குன்றத்தூரில். அவளுடைய தாய்வீட்டில் ஒரு சொல் விழுந்தால் அடுத்த ஷிப்டு பேருந்தில் அது அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடும் என்று அஞ்சி, கன்னியப்பன் வாய் திறக்கவில்லை. மளிகைப் பட்டியல் முதல் வங்கிப் படிவம் வரை அவளே எழுதினாள். எழுதும்போதெல்லாம், எட்டாங்கிளாஸுக்கு வாக்கப்பட்டதால் தனக்கு வந்த வேலை என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது முகவரிச் சான்றாகத் தொழிற்சாலைக் கடிதத்தைக் கொடுத்தார். அக்கடிதத்தில் கல்வி எட்டாம் வகுப்பு என்று இருந்தது. ஆகஸ்டில் கடவுச்சீட்டு வந்தது. உள்ளே, வெளிநாடு செல்வதற்குமுன் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று ஒரு முத்திரை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு அந்நாளில் இட்ட முத்திரை அது. தரகர்களை நம்பிப் போய் அயல்நாட்டில் அடிமைப்பட்டவர்களைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காக்கும் விதி, ஒன்றை மனத்தில் கொண்டிருந்தது: பத்தாவது தேறாதவன் எல்லை தாண்டினால் அது கூலி வேலைக்காகத்தான் இருக்கும். ஊர் பார்க்க அவன் போகமாட்டான். வேறு ஆசை அவனுக்கு இராது.

அக்டோபரில், முத்திரைக்கு விலக்குப் பெறுவதற்காகச் சென்னையிலுள்ள குடிபெயர்வு அலுவலகத்தில் நான்கு மணி நேரம் நின்றார். அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கொத்தனார்களும் சமையற்காரர்களும்.

“எந்த கம்பெனிப்பா? ஏஜென்ட் யாரு?” என்றார் எழுத்தர்.

“ஏஜென்ட் இல்ல சார். வேலைக்குப் போவல. அங்க ரேஸ் ரோடு ஒண்ணு கீது. அதுல வண்டி ஓட்டிட்டு வந்துருவேன்.”

“டிரைவர் வேலையா?”

“இல்ல சார். பைக்கு. நாலு ரவுண்டு.”

“சம்பளம் யாரு குடுக்கறது?”

“நாந்தான் சார் அவங்களுக்குக் குடுக்கணும்.”

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். “காசு குடுத்து ரவுண்டு அடிக்கறதுக்கு மலேசியா போறியா? எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு?”

அந்த மனிதரிடம் வன்மம் எதுவும் இல்லை. நாள்தோறும் ஏமாந்தவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, எதிரில் நிற்பவன் ஏமாறத்தான் போகிறான் என்று முடிவுகட்டிவிட்ட குரல் அது. இரண்டு வழிகள் இருப்பதாக அவரே சொன்னார். நிரந்தர ஊழியர், விடுப்பில் செல்கிறார், திரும்பி வருவார் என்று தொழிற்சாலையிடம் கடிதம் வாங்கி வரலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருந்தால் அதைவிட எளிது. கடவுச்சீட்டு அலுவலகத்தில் முத்திரையையே நீக்கிவிடுவார்கள். அதற்கு நீ எங்கே போவாய் என்பதுபோல் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பட்டியல் இருந்தது. நானூற்று மூன்று மதிப்பெண்களுடன் இருந்தது. சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்த கன்னியப்பனுக்கு, அந்த எண் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது.

முதலில் கடிதத்துக்குத்தான் முயன்றார். தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு அதிகாரி பாண்டுரங்கன், உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, மிகுந்த மரியாதையுடன் மறுத்தார். நிறுவனம் அனுப்பாத பயணத்துக்கு நிறுவனம் கடிதம் தர இயலாது. அங்கேயே தங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். பொறியாளர்கள் ஆறு பேருக்கும் தந்தீர்களே என்று கன்னியப்பன் கேட்டதற்கு, “அவங்க எல்லாம் படிச்சவங்க கன்னியப்பன். திரும்பி வருவாங்க” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த கன்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை இறக்கினார். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மரகதம் திடுக்கிட்டாள்.

“இன்னா மாமா, போட்டோவ ஏன் கழட்டுற?”

படத்தின் பின்பலகையைப் பெயர்த்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் நின்றவாறே படித்தாள். முதலில் பெயரை, பிறகு பிறந்த தேதியை, பிறகு மொத்தத்தை. அவளுடைய மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்று.

“கணக்குல எவ்ளோன்னு போட்டுகீது இது?”

“தொண்ணூத்தி ரெண்டு.”

“எனக்கு நாப்பத்தெட்டு.” அவள் தாளிலிருந்து நிமிர்ந்தாள். “அஞ்சு வருசமா என்ன வுட்டு மளிகை லிஸ்ட்டு எழுத வச்சிகினு, பக்கத்துல குந்திகினு பாத்துகினு இருந்தியே. சக்கரைக்கு ‘ர்’ போடணுமா வாணாமான்னு உன்னியே கேட்டனே, தெரியாதுன்னியே.”

இரண்டு நாட்கள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தன்னிடம் மறைத்தது பெரிதா, மறைக்க வைத்தது பெரிதா என்று அவள் எடைபோட்டுக்கொண்டிருந்தாள் போலும். மூன்றாம் நாள் காலை, மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உணவுப் பாத்திரத்தின்மேல் வைத்தாள். போய்க் காட்டிவிட்டு வரும்படியும், இனிமேல் பட்டியல் எழுதுவது அவர் பொறுப்பு என்றும் சொன்னாள்.

ஆனால் காட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. கடவுச்சீட்டு அலுவலகத்தில் கேட்டபோது, தொழிற்சாலைக் கடிதம் எட்டு என்கிறது, பட்டியல் பத்து என்கிறது, எது சரி என்று தொழிற்சாலையே எழுதித் தரட்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. அப்படியென்றால் பாண்டுரங்கனின் மேசைமேல் பட்டியலை வைத்தாக வேண்டும். வைத்தால் பொய்த் தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்த குற்றம். வேலை போகலாம். செய்தி எப்படியோ கசிந்து, கோதண்டம் வீடு தேடி வந்துவிட்டார்.

“நீ காட்டுனா எங்கள்தையும் தோண்டுவான்டா. முப்பது பேரு. ஒரு ரவுண்டு வண்டி ஓட்டறதுக்காவ முப்பது வூட்ல ஒல வைக்காம வுட்றாத.”

“என்னோடத மட்டுந்தான் காட்டப் போறேன். உன் பேரு என் வாயில வராது.”

“வரவப்பாங்க.”

“வராது கோதண்டம்.”

அந்த ஒரு வாக்குக்காகவே கன்னியப்பன் மேலும் ஒரு மாதம் பொறுத்தார். நோட்டை எடுப்பார், மூடுவார். செப்பாங் இல்லாமலும் வாழலாம் என்று நம்பிராஜனிடம் ஒருநாள் சொன்னார். வாழலாம்தான், ஆனால் ‘திரும்பி வருவாங்க’ என்ற பாண்டுரங்கனின் சொல்லோடு வாழ முடியுமா என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. 2004 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம், பட்டியலைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் விசாரணை நடந்தது. பாண்டுரங்கனும் வேறு இரண்டு அதிகாரிகளும் அமர்ந்திருந்தார்கள். பொய்யான தகவல் தந்ததை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். பிறகு, 1997ஆம் ஆண்டு அறிவிப்பைப் படிக்குமாறு கேட்டுக்கொண்டார். அது எதற்கு என்றார்கள். கோப்பில் இருக்கிறது, படியுங்கள் என்றார். அதிகாரிகளுள் ஒருவர் படித்தார். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் விண்ணப்பிக்க வேண்டா என்ற வரி வந்ததும், அவருடைய குரல் தானாகவே தாழ்ந்தது.

“எங்க நெலத்த வாங்கிகினு, எங்கள படிக்காதவன்னு எழுத வச்சது இந்தக் காயிதந்தான் சார். பொய்ய நான் எழுதுனேன். ஆனா டிக்டேஷன் உங்கள்து.”

படித்த அதிகாரி கோப்பை மூடினார். கடைசியில் பாண்டுரங்கன், இவ்வாறு செய்தவர்கள் வேறு யார் யார் என்று கேட்டார். பெயர்களைச் சொன்னால் தண்டனை குறையும் என்றும் சொன்னார்.

கன்னியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டார். “நான் எட்டாங்கிளாஸு சார். அவ்ளோ பேரோட பேரு எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்?”

வேலையிலிருந்து நீக்கினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த அறிவிப்பு உரக்கப் படிக்கப்படும் என்பது அறையிலிருந்த அனைவருக்கும் தெரியும். ஆகவே நீக்கவில்லை. வேறு யார் என்ற கேள்வியும் அத்துடன் நின்றுபோயிற்று. முப்பது பேரின் பட்டியல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கன்னியப்பனுக்கு மட்டும் ஓர் ஆணை வந்தது. தண்டனை என்ற சொல் அதில் கிடையாது. சோதனை ஓட்டுநர் பணிக்கு வரையறுக்கப்பட்ட கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு என்பதாலும், தாங்கள் அதனினும் கூடுதலான தகுதி பெற்றிருப்பது தெரியவந்துள்ளதாலும், மார்ச் முதல் தேதியிலிருந்து உதிரிபாகக் கிடங்கு எழுத்தராக நியமிக்கப்படுகிறீர்கள் என்று இருந்தது.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வண்டிகளை ஓட்டித் தேர்ந்த காதையும் கையையும், அளவுக்கு மீறிப் படித்துவிட்டாய் என்று சொல்லி, திருகாணி எண்ணும் அறைக்கு அனுப்பினார்கள். இதைச் செய்தவர்கள் எவரும் கோபக்காரர்களோ கொடியவர்களோ அல்லர் என்பதுதான் நினைக்க நினைக்க ஆறாத பகுதி. விதிப்படி செய்தார்கள். தட்டச்சுப் பிழை இல்லாமல் செய்தார்கள். அதே வாரத்தில், இன்னார் பத்தாம் வகுப்புத் தேறியவர் என்று கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு எழுதப்பட்ட கடிதத்திலும் அதே பாண்டுரங்கன் கையெழுத்திட்டார்.

ஏப்ரலில் முத்திரை நீங்கியது. ஜூலை மாதம் கன்னியப்பன் தனியாகக் கோலாலம்பூர் போய் இறங்கி, வாடகை வண்டி எடுத்து, நோட்டில் குறித்த வழியே செப்பாங் போய்ச் சேர்ந்தார். விமான நிலையத்தில் ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. தளத்தின் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவர் சற்று நின்றார். பிறகு, சோதனை ஓட்டுநர் என்று எழுதினார். அந்தப் படிவத்தில் கல்வித் தகுதிக்கு இடம் இல்லை.

நான்கு சுற்றுகள் ஓட்டினார். முதல் சுற்றில் வளைவுகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது சுற்றின் நேர்பாதையில் ஐந்தாவது கியரைத் தரையில் போட்டார். அது எப்படி இருந்தது என்று திரும்பி வந்தபின் பலர் கேட்டார்கள். உருளைமேல் கேட்கும் சத்தம் வேறு, இது வேறு என்றார், அதற்குமேல் விளக்கவில்லை. மரகதம் மட்டும் விடாமல் கேட்டாள். நோட்டில் வரைபடத்தை எடுத்து, பென்சிலால் தாம் குறித்திருந்த கியர் எண்களில் மூன்று தவறு என்று அவளுக்குக் காட்டினார். கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவருக்கா என்றாள் அவள்.

அவருடைய இடத்தில் இப்போது வண்டி ஓட்டுவது நம்பிராஜன். அவனும் எட்டாம் வகுப்பு என்றே எழுதிக் கொடுத்திருக்கிறான். ஐயம் தோன்றும் வண்டியைக் கிடங்கின் சன்னல் ஓரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவான். உள்ளே பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் கன்னியப்பன் தலையை நிமிர்த்தாமல், செயின் தளர்ந்திருக்கிறது, பின்பிரேக் உரசுகிறது என்று சொல்வார். அவன் போய்ச் சீட்டு எழுதுவான். சீட்டில் அவனுடைய பெயர் இருக்கும். அந்தக் குறைகளைக் கண்டதற்காகச் சென்ற ஆண்டு நம்பிராஜனுக்கு ஒரு கடிகாரம் பரிசளித்தார்கள். அதை அவன் நேராகக் கிடங்குக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கன்னியப்பன் வாங்க மறுத்துவிட்டார். கைப்பிடியின் நடுக்கத்தைக் கண்டவருக்கு ஒரு படத்தில் நிற்க இடம் கொடுக்காதவர்களின் கடிகாரத்தில் தமக்கு மணி பார்க்க வேண்டியதில்லை என்றார்.

தொழிற்சாலையின் சோதனைப் பாதையில் பெருமாள் கன்னியப்பன் கடைசியாக வண்டி ஓட்டியது 2004 பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை.